அனந்த் பை

அனந்த் பை (செப்டம்பர் 17, 1929 – பெப்ரவரி 24, 2011) ஓர் இந்திய வரைகதைப் பதிப்பாசிரியர் ஆவார். அமர் சித்ர கதா என்னும் வரைகதைத் தொடரையும் டிங்கிள் என்னும் சிறுவர் இதழையும் வளர்த்தெடுத்தவர். சிறுவர்கள் இவரை "அங்கிள் பை" என அழைத்தனர்.

கருநாடகத்தின் கார்க்களாவில் பிறந்த இவர், இரண்டு வயதில் பெற்றோரை இழந்தார். பன்னிரண்டாம் வயதில் மும்பை சென்றார். வேதித் தொழில்நுட்பம் பயின்றபோதும் பதிப்புத்துறையையே நாடினார். 1954 இல் தொடங்கிய "மானவ்" என்ற சிறுவர் இதழ் நிலைக்கவில்லை. பின்னர் டைம்சு ஆஃப் இந்தியா நிறுவனத்தில் சேர்ந்து, 1964 இல் இந்திரஜால் காமிக்ஸ் வெளிவருவதில் பங்காற்றினார். அவ்விதழின் முதன்மை நாயகனான ஃபாண்டம், அமெரிக்கப் படைப்பு.

அமர் சித்ர கதா

1967 இல் தில்லியில் நடந்த தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில், கிரேக்கத் தொன்மம் பற்றிய கேள்விக்கு விடையளித்த மாணவர்களால் இராமனின் தாய் யார் எனக் கூற இயலவில்லை. இதுவே தமக்குத் தூண்டுதலாக அமைந்தது என்று பை கூறிவந்தார். அவ்வாண்டே இந்தியா புக் ஹவுஸ் நிறுவனத்தின் வழியாகப் பணியைத் தொடங்கினார். இவர் எழுதி ராம் வாயீர்கர் வரைந்த "கிருஷ்ணா" வரிசை எண் 11 உடன் வெளிவந்தது. முதல் பத்து எண்களும் சிண்டரெல்லா போன்ற மேலைநாட்டுக் கதைகளுக்கு உரியவை என்பது சுவையான செய்தி.

நானூறுக்கும் மேற்பட்ட தலைப்புகள் வெளியாயின. 1985 முதல் 1989 வரை மகாபாரதம் மட்டும் 42 பகுதிகளாக வந்தது. கண்ணகி, அக்பர், அம்பேத்கர் ஆகியோரும் நாயகர்களாயினர். எந்தக் கதை இடம்பெற வேண்டும், எப்பகுதியை விட வேண்டும் என்று முடிவு செய்வதே பையின் முதன்மைப் பணி. பல குழந்தைகள் புராணத்தையும் வரலாற்றையும் முதன்முதலில் இந்த 32 பக்க நூல்களில் அறிந்ததால், அம்முடிவுகளின் விளைவு பெரிது.

விமர்சனங்களும் இங்கிருந்தே எழுந்தன. தேவர்களும் அரசர்களும் வெளிர்நிறத்திலும் அசுரர்கள் கருநிறத்திலும் வரையப்பட்டனர். பெண்களின் பெருமை பெரும்பாலும் தியாகத்தில் காட்டப்பட்டது. தொன்மமும் வரலாறும் ஒரே வடிவில் வந்ததால் இரண்டிற்கும் இடையிலான எல்லை மங்கியது என்று ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். அம்பேத்கர் போன்ற தலைப்புகள் இருந்தாலும் இக்குறைகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

டிங்கிள்

1980 இல் தொடங்கிய டிங்கிள் இதழில் இந்தச் சுமை இல்லை. வாசகர்கள் அனுப்பிய கதைகளுக்கும் பை இடமளித்தார். இதழின் புகழ்பெற்ற பாத்திரமான சுப்பாண்டி அவ்வாறு வந்தவனே: திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் அனுப்பிய தமிழ் நாட்டுப்புறக் கதைகளுக்கு ராம் வாயீர்கர் உருவம் கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடியே செய்து முதலாளியை அல்லற்படுத்தும் இப்பணியாள், 1983 முதல் பல மொழிச் சிறுவர்களைச் சிரிக்க வைத்தான்.

2007 இல் இரு வெளியீடுகளும் ஏசிகே மீடியா நிறுவனத்திற்குக் கைமாறின. பெப்ரவரி 2011 இல் தில்லியில் நடந்த இந்தியாவின் முதல் காமிக் கான் விழாவில் பைக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் மும்பையில் காலமானார்.