பேயும் பூசணியும் கொஞ்சம் ஆங்கிலமும்

ஒக்டோபர் 31 வந்தால் ரொரன்றோவிலும் லண்டனிலும் எங்கள் உறவினரின் பிள்ளைகள் பேய் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுப் போவார்கள். யான்புவில் ஹலோவீனுக்கு விடுமுறை இல்லை. ஆனாலும் இங்கே பிள்ளைகள் படிக்கும் ஆங்கிலக் கதைகளிலும் பார்க்கும் கார்ட்டூன்களிலும் அந்தச் சொற்கள் வந்தபடிதான் இருக்கின்றன. இக்காமா உள்ளவரைதான் வளைகுடா வாழ்க்கை. நாளைக்கு கனடாவிலோ பிரித்தானியாவிலோ புது வகுப்பில் போய் இருக்கும் பிள்ளைக்கு, மற்றவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்க வேண்டும். இந்தக் கொண்டாட்டமே வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரும் சொற்களை மட்டும் சொல்லிக்கொடுக்கலாம்.

தெரிந்ததிலிருந்து தொடங்குவது நல்லது. புது வீட்டின் முன்னால் கண்ணூறு படாமலிருக்க முகம் வரைந்து தொங்கவிடும் பூசணியைப் பிள்ளை படத்திலாவது பார்த்திருக்கும். ஹலோவீன் பூசணிக்கு முகத்தைக் குடைந்து உள்ளே விளக்கு வைக்கிறார்கள். அயர்லாந்தில் முன்பு டேர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகே பூசணி வந்தது. இனிப்புச் சேர்ப்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. சவூதியின் கிழக்கு மாகாணத்திலும் குவைத்திலும் பஹ்ரைனிலும் ரமழான் நடுவில் சிறுவர்கள் கர்கீஆன் பாடி வீடு வீடாகப் போவார்கள். எமிரேட்ஸில் ரமழானுக்கு முன்னரே ஹக் அல் லைலா வரும்.

எங்கள் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இலக்கணத்தில்தான். "எனக்குப் பயமாயிருக்கு", "அந்த வீடு பயமாயிருக்கு" என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் பயப்படுபவர் ஸ்கேர்ட், பயமுறுத்துவது ஸ்கேரி. "ஐ ஆம் ஸ்கேரி" என்று பிள்ளை சொன்னால், என்னைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டும் என்றே பொருள்படும்! இதற்கு ஒரு டோர்ச் லைட் போதும். அறையை இருட்டாக்கி, ஒருவர் நாடிக்குக் கீழே வெளிச்சத்தைப் பிடித்து "ஐ ஆம் ஸ்கேரி" என்று முகத்தைக் கோண வேண்டும். எதிரில் இருப்பவர் "ஐ ஆம் ஸ்கேர்ட்" என்று அலற வேண்டும். டோர்ச் கை மாறினால் வசனமும் மாறும். பத்து நிமிடம் விளையாடினால் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது உச்சரிப்பு. ஸ்பைடர், ஸ்கெலிட்டன், ஸ்க்ரீம் ஆகியவற்றின் முன்னால் எங்கள் வாய் தானாக ஓர் 'இ' போட்டுவிடும். முதலில் பாம்பைப் போலச் சீறிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிழையில்லாமல் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் தாளில் ஓர் எலும்பு வரையலாம். எலும்புக்கூட்டை முதலில் முடிப்பவர் வெற்றி. விட்ச், வம்பயர் இரண்டையும் தமிழில் ஒரே எழுத்தில் எழுதினாலும் ஒலி வேறு. வம்பயர் கடிக்கும், ஆகவே மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். விட்ச் ஊதி மந்திரம் போடுவாள், ஆகவே உதடு குவிய வேண்டும்.

கண்ணைக் கட்டித் தொட்டுப்பார்க்கும் விளையாட்டும் உண்டு. ஆறிய நூடில்ஸ் புழுவாகும், உரித்த திராட்சை கண்ணாகும். ஸ்லைமி, ஸ்டிக்கி, கோல்ட் என்ற சொற்கள் விரல் வழியாகவே ஏறிவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு சொல் போதும். சின்னப் பிள்ளைகளுடன் படுக்கும் நேரத்தில் விளையாட வேண்டாம்; பிறகு நித்திரை உங்களுக்கும் இல்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஊரிலிருக்கும் அம்மம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து முனி, மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு பற்றிக் கேட்டு, அவற்றை ஆங்கிலத்தில் விளக்கட்டும். இவற்றுக்கெல்லாம் 'கோஸ்ட்' என்ற ஒரு சொல் காணாது. எப்படி இருக்கும், எங்கே நிற்கும், என்ன செய்யும் என்று பிள்ளையே வசனம் வசனமாகச் சொல்லியாக வேண்டும்.