கடல் கடக்கத் துணிந்த சிறுமி

பிலிப்பைன் தீவுகளின் பழங்கதைகளை வித்தாகக்கொண்டு, எரின் என்ட்ராடா கெல்லி என்னும் அமெரிக்க ஆசிரியை 2019-ம் ஆண்டில் சிறுவர்க்கென ஒரு நவீனம் வெளியிட்டார். அவர்தம் அன்னையார் பிலிப்பைன் நாட்டினர். நூற்பெயரைத் தமிழில் 'தொலைகடல் லலானி' என வழங்கலாம்.

சான்லகீத்தா என்பது ஒரு கற்பனைத் தீவு. ஒருபால் என்று சரிந்து ஊரைப் புதைக்குமோ என அஞ்சுதற்குரிய மலை. மற்றொருபால் மரக்கலங்களை விழுங்கும் மூடுபனி. நன்னிலந் தேடிச் சென்ற மாலுமிகளுள் மீண்டவர் இலர். லலானியின் தந்தையும் அவருள் ஒருவர். தாயோ தீராப் பிணியுற்றாள். பெண்மக்களுக்கு வீட்டுவேலையன்றி வேறொன்றும் விதியாத அவ்வூரினின்று, பன்னிரண்டு வயதினளாகிய லலானி தானே கடலிற் புகுகின்றாள்.

இறந்தார்க்கு அழுதல் ஒன்று. மீளாதார்க்கு அழுதல் வேறொன்று. உடல் காணாதார் எந்நாளிற் கண்ணீர் தொடங்குவது, எந்நாளில் நிறுத்துவது? இவ்வினாவே நூலின் உயிர்நிலை என்பது நம் கருத்து. கடலையும் சாவையும் இணைத்தெண்ணுதல் அந்நாட்டிற்குப் புதிதன்று. பலவான் தீவின் மனுங்குல் குகையில் 1964-ல் கண்டெடுத்த ஈமத்தாழியின் மூடிமீது சிறு படகொன்று உளது. பின்னிருப்பவர் துடுப்பு வலிக்கும் நிலையினர். முன்னிருப்பவரோ மார்பிற் கைகளைச் சேர்த்து வாளா இருக்கின்றார். அத்தாழி ஈராயிரத்தைந்நூறு ஆண்டிற்கும் முந்தியது.

இடையிடையே ஆசிரியை கதையை நிறுத்தி, படிப்போரை ஒரு விந்தைப் பிராணியாகத் தம்மைப் பாவித்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றார். விரைந்து படிப்போர்க்கு இது தடையே. நமக்கோ, முன்னர் அஞ்சிய பிராணியின் பசியும் தனிமையும் அவ்விடங்களிலேதான் விளங்கின.