முழு எது?

கணக்கு என்றால் பிணக்கு என்று சொல்லிச் சிரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சொல்லுகிறவர்களுக்கு அது வேடிக்கை. கேட்டுக்கொண்டு நிற்கும் குழந்தைக்கோ அது தீர்ப்பு.

ஒரு நாள் மாலை, நம்மிடம் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "ஸார், எங்கள் குடும்பத்துக்கே கணக்கு வராது. பதினோராம் வகுப்பில் இவளைக் கணக்கு இல்லாத பிரிவில் சேர்த்துவிடத் தீர்மானித்துவிட்டோம். பத்தாவதில் தேறும் அளவுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவளுடைய விடைத்தாளை எடுத்துப் பார்த்தோம். ஒரு கணக்கின் நடுவே 1/2-ஐயும் 1/4-ஐயும் கூட்ட வேண்டிய இடத்தில், மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி, 2/6 என்று எழுதியிருந்தாள். தாளை மூடி வைத்துவிட்டு, "பால்காரர் காலையில் அரை லிட்டரும் மாலையில் கால் லிட்டரும் ஊற்றினால் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டோம். "முக்கால் லிட்டர்" என்று தட்டாமல் பதில் வந்தது. "அப்படியானால் தாளில் ஆறில் இரண்டு வந்தது எப்படி, அம்மா? ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று அல்லவா? அரையோடு காலைச் சேர்த்த பிறகு அது அரையைவிடக் குறைந்து போகுமா?" என்றோம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

விஷயம் இதுதான். அரை என்பது இரண்டு கால் என்று அவள் நாவுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அரைகளையும் கால்களையும் அப்படியே கூட்ட இயலாது. இரண்டையும் கால்களாக்கிய பிறகே எண்ண வேண்டும். பகுதியைச் சமமாக்குவது என்று புத்தகம் சொல்லுவது இதற்குமேல் ஒன்றுமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று தொடங்கி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரையில் பின்னங்களை எண்சுவடியில் பாடம் செய்தார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா வழங்கிய காலத்தில் ஓர் அணா என்பதே ரூபாயில் ஒரு மாகாணி. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி புதிய நாணய முறை வந்தது. கூட்டல் கழித்தல் எளிதாயிற்று; மாகாணியும் அரைக்காலும் மெல்ல மெல்ல வீட்டை விட்டு வெளியேறின.

அடுத்ததாக விகிதத்துக்கு வந்தோம். இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று தாயாரே சொன்னார். "உளுந்து எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேட்டோம். தாயார் "நாலில் ஒன்று" என்றார். மகள் "ஐந்தில் ஒன்று" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். இருவர் சொன்னதும் சரியே. அரிசியை முழுதாகக் கொண்டால் உளுந்து அதில் கால் பங்கு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த மொத்தத்தை முழுதாகக் கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு. விகிதக் கணக்கில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும் பகுதி, "முழு எது?" என்று முதலில் கேட்டுக்கொள்ளாததால் போவதே.

மிஞ்சியது நிகழ்தகவு. பெயரைக் கேட்டதும் பெண்ணின் முகம் மறுபடியும் வாடியது. வீட்டில் பாட்டியுடன் தாயம் ஆடுவதுண்டு என்று தாயார் சொன்னது அந்தச் சமயத்தில் கைகொடுத்தது. தாயக்கட்டை இரண்டு; ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்; ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள்; நான்காவது பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. "தாயம் விழுவதற்கு எத்தனையில் ஒரு வாய்ப்பு?" என்றோம். "ஒன்று முதல் ஆறு, பிறகு பன்னிரண்டு, ஏழு விதமாக விழலாம். ஆகையால் ஏழில் ஒன்று" என்றாள்.

இந்தப் பிழைக்காக அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. சூதாட்டக் கணக்கு ஒன்றைப் பற்றி 1654-இல் பாஸ்கலும் பெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டபோது இந்தச் சாஸ்திரம் உருப்பெற்றது. அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின், 1754-இல், தாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை, நாணயத்தை இரு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதினார். முக்கால் என்பதே சரி. விழும் விதங்களை எல்லாம் சம வாய்ப்புள்ளவை என்று அவரும் எண்ணிவிட்டார்.

"பன்னிரண்டும் மூன்றும் ஒரே மாதிரியா அடிக்கடி விழுகின்றன?" என்று கேட்டோம். "இல்லை, மூன்றுதான் அதிகம் விழும்" என்றாள். பிறகு அவளே எழுதத் தொடங்கினாள். ஒரு கட்டைக்கு நான்கு பக்கம். இரண்டு கட்டைக்கு நாநான்கு பதினாறு. அதுவே முழு. அதில் தாயம் இரண்டு, அதாவது அரைக்கால், இரண்டு, மும்மாகாணி, மூன்று, கால், நான்கு, மும்மாகாணி, ஐந்து, அரைக்கால், ஆறு, மாகாணி, பன்னிரண்டு, மாகாணி. கூட்டிப் பார்த்தாள், ஒன்று சரியாக வந்தது. வீட்டை விட்டுப் போன பின்னங்கள் தாயக்கட்டைக்குள் பத்திரமாக இருந்தன!

உடனே ஒரு கேள்வி கேட்டாள். "எட்டில் ஒரு வாய்ப்பு என்றால், எட்டு முறை போட்டால் ஒரு தாயமாவது நிச்சயம் விழுமா, ஸார்?" நாம் பதில் சொல்லவில்லை. "ஒரு முறை விழாதிருக்கும் வாய்ப்பு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு அனுப்பினோம்.

மறுநாள் இரண்டு பக்கக் கணக்குடன் வந்தாள். 7/8-ஐ எட்டுத் தடவை பெருக்கியிருந்தாள். எட்டு முறையிலும் தாயம் விழாமல் போக நூற்றுக்கு ஏறக்குறைய முப்பத்து நான்கு பங்கு வாய்ப்பு உண்டு என்பது விடை. "ஏழு முறை விழவில்லையே, இந்த முறை விழுந்தே தீரும் என்று பாட்டி சொல்லுவது தப்பு, ஸார். கட்டைக்கு ஞாபகம் கிடையாது" என்றாள். சூதில் பொருளை இழந்த எத்தனையோ பெரியவர்கள் அறியாத உண்மை இது!

தாயாரிடம் அந்தத் தாள்களைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை இவளேயா போட்டாள்?" என்றார். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை இனி அந்தப் பெண்ணே தீர்மானிக்கட்டும். பெற்றோர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. ஒரு விடைத்தாள் ஒரு குழந்தையின் ஒரு பங்குதான். "இவளுக்குக் கணக்கு வராது" என்று சொல்லுமுன், முழு எது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.