வேலி போடுமுன் விசாரிக்க வேண்டியவை



நமது செய்தி மடலை வாசிக்கிறவர்களில் அநேகர் பிழைப்பினிமித்தம் பட்டணத்திலோ கடல் கடந்தோ குடியிருக்கிறீர்கள். ஆனாலும் பெற்றோர் விட்டுப்போன ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ சொந்த ஊரில் இருக்கிறது. அதற்கு வேலி போட வேண்டும், காண்ட்ராக்டரிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறவர்கள் உண்டு. மருத்துவமனைப் போதகருக்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. வரப்புத் தகராறில் மண்டை உடைந்தவர்கள், முள்கம்பி கிழித்த காயத்தோடு வருகிறவர்கள், திருட்டு மின்வேலியை மிதித்தவர்கள் ஆகியோர் கடைசியில் வந்து சேரும் இடம் மருத்துவமனைதான். முறையாக விசாரித்துப் போட்ட வேலியால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆகையால் அறிந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் எல்லை, பிறகு வேலி

வேலிக்காரர் எல்லையை நிர்ணயிக்கிறவர் அல்ல. நீங்கள் காட்டும் இடத்தில் அவர் குழி தோண்டுவார். காட்டுவது தவறானால் கல்லும் கம்பியும் கூலியும் வீண். அதன்பின் வழக்குச் செலவும் சேரும். எனவே காண்ட்ராக்டரை அழைக்குமுன் பட்டா, சிட்டா, புல வரைபடம் (எஃப்.எம்.பி.) மூன்றையும் கையில் வையுங்கள். பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பு அரசு நில அளவரைக் கொண்டு அளப்பதற்கு முறைப்படி விண்ணப்பியுங்கள். அளக்கும் நாளில் நான்கு பக்கத்து நிலக்காரர்களும் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் கண்முன் நட்ட கல்லைப் பிற்பாடு மறுப்பது கடினம்.

தந்தை காலத்து எல்லைக்கல்லைத் தள்ளி வைப்பது சிறிய காரியமல்ல. மோசேயின் நியாயப்பிரமாணமும் நீதிமொழிகளும் அதைக் குறிப்பிட்டுக் கண்டிக்கின்றன. ஓர் அடி மண்ணை விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போனதாகக் கண்டதில்லை. ஓர் அடிக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை நாம் எல்லோரும் அறிவோம்.

2. வழியையும் வாய்க்காலையும் அடைக்கலாகாது

முள்கம்பிக்கு 1874-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றார். மலிவான வேலி கிடைத்தவுடன் டெக்சாஸில் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தோடு பொதுநிலத்தையும் நீர்நிலைகளையும் பாதைகளையும் சேர்த்து வளைத்துவிட்டார்கள. 1883-ல் வறட்சி வந்தபோது, தண்ணீருக்கு வழியில்லாதவர்கள் இரவோடிரவாகக் கம்பிகளை வெட்டினார்கள், உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. 1884-ல் அம்மாநில அரசு, வேலியை வெட்டுவது கடுங்குற்றம் என்று சட்டம் செய்தது. அதே சமயம், பொதுநிலத்தை வளைப்பதும் குற்றம், பொதுப்பாதையை மறித்த வேலியில் மூன்று மைலுக்கு ஒரு வாசல் வைக்க வேண்டும் என்றும் விதித்தது. வேலிக்கு உரிமை உண்டு, ஆனால் வழிக்கும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். புல வரைபடத்தில் வண்டிப்பாதையோ வாய்க்காலோ புறம்போக்கோ காட்டப்பட்டிருந்தால் அதை அடைக்க உங்களுக்கு அதிகாரமில்லை. வரைபடத்தில் இல்லாவிட்டாலும், பின்நிலத்துக்காரர் 20 ஆண்டுகள் இடையறாமல் உரிமையாக நடந்து வந்த தடத்துக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உரிமை கோரலாம். "உங்கள் டிராக்டர் எந்தப் பக்கம் போகும்?" என்று பக்கத்து நிலக்காரரை ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டுவிடுவது, பின்னால் வக்கீலைத் தேடுவதைவிட நல்லது.

3. எதற்காக வேலி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விலை கேட்கக்கூடாது. எல்லையைக் காட்டவும் மாடு நுழையாமல் தடுக்கவும் நான்கைந்து வரி முள்கம்பி போதும். வெள்ளாட்டுக்கு அது போதாது. கீழ்வரிகளை நெருக்கமாக அமைக்க வேண்டும், அல்லது டைமண்ட் வலை வேண்டும். காட்டுப்பன்றி வலைக்கு அடியில் மண்ணைக் கிளறி நுழையும். ஆதலால் வலையின் அடிப்பாகத்தை மண்ணில் புதைக்கச் சொல்ல வேண்டும். உள்ளே பால்மாடு மேயும் என்றால் முள்கம்பி நல்லதல்ல, மடியைக் கிழித்துவிடும்.

உயிர்வேலியையும் மறந்துவிடாதீர்கள். காங்கேயம் மாடுகள் மேயும் கொரங்காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த அந்த மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை மரங்களே வேலியாக நிற்கும். போத்தை நட்டால் தழைக்கும், துருப்பிடிக்காது, வெட்டிவிட்ட தழை ஆட்டுக்கு ஆகும். அடர்ந்து வரச் சில ஆண்டுகள் பிடிக்கும், ஆண்டுதோறும் கவாத்து செய்ய ஆள் வேண்டும் என்பதே குறை. கம்பிவேலி போட்டு, அதன் உட்புறமாகக் கிளுவை நட்டு வைத்தால், கம்பி துருப்பிடிக்கும் காலத்தில் மரம் காவலுக்கு வந்துவிடும்.

4. கணக்கை நீங்களே போடுங்கள்

"ஏக்கருக்கு இவ்வளவு" என்று மொத்தமாகச் சொல்லும் விலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலிக்கு வேண்டியது பரப்பு அல்ல, சுற்றளவு. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அது சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகலமுள்ள நீளத்துண்டாக இருந்தால் சுற்றளவு சுமார் 1,071 அடி. பரப்பு ஒன்றுதான், செலவோ கால்பங்குக்கு மேல் கூடுகிறது.

835 அடிக்கு 10 அடிக்கு ஒரு கால் என்றால் 84 கால்கள். 8 அடிக்கு ஒன்று என்றால் 105. முட்டுக்கால்கள் இதற்குப் புறம்பு. ஐந்து வரி கம்பிக்கு 4,175 அடி, அதாவது சுமார் 1,270 மீட்டர் கம்பி வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தால், வருகிற கொட்டேஷனை நிதானமாகப் பார்க்கலாம்.

5. கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டியவை

இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். எல்லோரிடமும் ஒரே விவரத்தைக் கொடுத்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. குறைந்த விலை பெரும்பாலும் குறைந்த பொருளாகவே இருக்கும். அது ஒளிந்திருக்கும் இடங்கள் இவை:

கால்: கல்காலா, கம்பி வைத்து வார்த்த சிமெண்ட் காலா? உயரம், கனம் எவ்வளவு? 7 அடிக் கால் என்றால் 2 அடி மண்ணுக்குள்ளும் 5 அடி வெளியிலும் இருக்க வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். அங்கே குழி இன்னும் ஆழமாகவும் அடியில் கான்கிரீட்டோடும் இருக்க வேண்டும்.

மூலைக்கால்: கம்பியின் இழுவை முழுவதும் மூலையில்தான் விழுகிறது. ஒவ்வொரு மூலைக்கும் இரு திசையிலும் முட்டுக்கால், வாசலின் இரு பக்கமும் முட்டுக்கால், நீண்ட நேர்வரியில் இடையிடையே முட்டுக்கால் என்று எழுதி வாங்குங்கள். வேலி தொய்வது பெரும்பாலும் இங்கே மிச்சம் பிடிப்பதால்தான்.

கம்பி: 12 கேஜ் கம்பி சுமார் 2.6 மி.மீ.; 14 கேஜ் சுமார் 2 மி.மீ. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, எடையில் தெரியும். ஒரே நீளத்துக்கு 12 கேஜ் கம்பி ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். எனவே கேஜ், மொத்த எடை இரண்டையும் எழுதச் சொல்லி, இறங்கும் சுருளை எடை போடுங்கள். துத்தநாகப் பூச்சு மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் துருவேறும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். முள்கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 278, அதன்படியுள்ள கம்பியைக் கேட்டு வாங்கலாம்.

வாசல்: டிராக்டர் டிரெய்லரும் அறுவடை இயந்திரமும் திரும்பி நுழையும் அகலம் வேண்டும். வேலி முடிந்தபின் வாசலை அகலப்படுத்துவது இரட்டைச் செலவு.

மற்றவை: சீமைக்கருவேலத்தை அகற்றுவது யார் பொறுப்பு? பாறை தட்டினால் குழிக்குத் தனிக்கூலி எவ்வளவு? வண்டி வாடகை, இறக்குகூலி, தண்ணீர், வேலையாட்கள் தங்குமிடம் யாருடையது? தகராறுகள் இந்தச் சில்லறைகளிலிருந்தே பிறக்கின்றன.

அவர் முன்பு போட்ட வேலிகளில் மூன்று நான்கு ஆண்டு ஆன ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நேற்றுப் போட்ட வேலி எல்லாமே நேராகத்தான் நிற்கும். பழைய வேலியின் மூலைக்காலைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அந்த நிலக்காரரிடமும் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

6. ஒப்பந்தமும் பணமும்

நம்பிக்கையானவர், சொந்தக்காரர், சபைக்காரர் என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும். எழுதுவது சந்தேகத்தின் அடையாளமல்ல, ஞாபகத்துக்குத் துணை. மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்கக்கூடாது. பொருள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, கால்கள் நட்டு முடிந்ததும் ஒரு பங்கு, கம்பி கட்டியதும் ஒரு பங்கு என்று பிரிக்கலாம். பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்யும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மழைக்குப்பின் சாய்ந்த கால்களை அவர் நிமிர்த்தியதும் அந்தப் பணத்தைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும். பேசிய கூலியை இழுத்தடிப்பதும் அநியாயமே.

வெளியூரில் இருக்கிறவர்கள், கால் நட்டபின் கம்பி கட்டுமுன் ஒருமுறையாவது நேரில் வாருங்கள். முடியாவிட்டால் காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு கால்களை எண்ணி, குழியின் ஆழத்தை அளந்து, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

7. வேலையாட்களின் கையும் கண்ணும்

இழுத்துக் கட்டும் கம்பி அறுந்தால் சாட்டைபோல் முகத்தில் அடிக்கும். தோல் கையுறை, கண்ணாடி, கனத்த செருப்பு அல்லது பூட்ஸ் ஆகியவற்றைக் காண்ட்ராக்டர் தருகிறாரா என்று கேளுங்கள். வேலையில் விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, காப்பீடு உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். கம்பி கிழித்தால் காபித்தூளோ சுண்ணாம்போ அப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்க வேண்டும். காயம் சிறியது என்று அலட்சியம் செய்யலாகாது. ஆழமான சிறு துளையிலும் ரணஜன்னிக் கிருமி வளரும்.

8. மின்வேலி பற்றி ஓர் எச்சரிக்கை

சோலார் வேலி என்பது பேட்டரியிலிருந்து விட்டுவிட்டு, ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே நீடிக்கும் அதிர்ச்சியைக் கொடுப்பது. மிருகம் பயந்து விலகும், சாகாது. வீட்டு மின்சாரத்தையோ பம்புசெட் லைனையோ நேராகக் கம்பியில் கொடுப்பது முற்றிலும் வேறு, அது கொலைக்கண்ணி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் மடிந்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன நிலச் சொந்தக்காரரே தன் வேலியில் மாண்ட சம்பவங்களும் உண்டு. 2023-ல் தமிழக அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலமானால் சோலார் வேலிக்கும் வனத்துறையை முன்னதாக அணுக வேண்டும். "லைன்ல ஒரு கொக்கி போட்டால் போதும் ஐயா, செலவே இல்லை" என்று சொல்லும் காண்ட்ராக்டரை அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள்.

அன்பானவர்களே, நல்ல வேலி என்பது திருடனுக்கு மட்டுமல்ல, நமக்கும் ஓர் எல்லை. இதற்கு இப்புறம் என்னுடையது. அப்புறம் என் அயலானுடையது. அவனுடைய வழியை அடைக்காமல், கூலிக்காரனின் கையைக் கிழிக்காமல், இரவில் நடக்கும் உயிரைக் கொல்லாமல் உங்கள் நிலம் காக்கப்படுவதாக.