கசந்த சுரைக்காயும் நான் நீக்கிய பதிவும்!

மாடித்தோட்டக் குழு நடத்துவோருக்கு ஓர் அனுபவப் பாடம்

‘எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் தினமும் சண்டை. ஒருவர் விதை விற்கிறார். இன்னொருவர் ரசாயன மருந்து சிபாரிசு செய்கிறார். அட்மின் கண்டித்தால் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். விதைப் பகிர்வுக் குழு ஒன்றுக்கு நானும் அட்மின்தான். யோசனை சொல்வதற்கு முன்பு, நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. தபால் செலவைக்கூட வாங்காமல் நாட்டு விதைகளை அனுப்புவார். ஒரு ஆடிப்பட்டத்தில் குண்டுச்சுரை விதையைப் பலருக்கும் அனுப்பினார். ஐப்பசியில் ஓர் அக்கா, ‘ஐயா கொடுத்த விதையில காய்ச்ச சுரை ரொம்பக் கசக்குது. வேற யாருக்காவது இப்படி இருக்கா?’ என்று பதிவு போட்டார்.

உடனே நாலைந்து பேர், ‘இலவசமா வாங்கிட்டுக் குறை வேற சொல்றீங்களா?’ என்று பாய்ந்தார்கள். ‘குழுவில் சண்டை கூடாது’ என்பது எங்கள் விதி. அதைக் காட்டி அக்காவின் பதிவை நீக்கினேன். அவரைத் திட்டியவர்களின் பதிவுகளை நீக்கவில்லை. ‘நான் என்ன தப்பாக் கேட்டேன் தம்பி?’ என்றார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவே அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, அதே விதையில் காய்த்த சுரையைக் கூட்டு வைத்துச் சாப்பிட்ட இன்னோர் உறுப்பினர், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘இதுக்கு முன்னாடி யாருக்கும் கசக்கலையா?’

கசப்பு ஏன் ஆபத்து?

சுரை, பீர்க்கு, வெள்ளரி குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. அதிகமானால் அது நஞ்சு. சமைத்தாலும் முழுதாகப் போகாது. கசக்கும் சுரைச்சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவும் இதை ஆராய்ந்து, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. இதற்கெனத் தனி மாற்று மருந்து இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

ஆக, அக்கா போட்டது புகார் அல்ல, எச்சரிக்கை. அதைத்தான் நான் அழித்துவிட்டேன்.

மடை திறப்பவருக்கு ஒரு கண் போதாது

ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டியின் வேலையை நாம் அறிவோம். முறை வைத்துத்தான் மடை திறப்பார். பெரிய பண்ணைக்காரர் வயல் என்று கூடுதலாகவும் விடமாட்டார், கடைமடை என்று குறைக்கவும் மாட்டார். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் நிலம் இல்லாதவரையே நீர்க்கட்டியாக வைத்ததற்கும் காரணம் அதுதான். அட்மின் வேலையும் அப்படித்தான். விதி எங்களிடமும் இருந்தது. ஆனால், ஐயாவுக்கு ஒரு மாதிரி, புதிதாக வந்தவருக்கு ஒரு மாதிரி மடை திறந்தேன்.

அதன் பிறகு குழுவில் விதிகளை மாற்றி எழுதினோம்.

* விதியைக் குழுவின் விவரப் பகுதியிலேயே எழுதி வைக்கிறோம். புதிதாக வருபவர் முதல் நாளே படித்துவிடுவார்.

* விதை சரியில்லை என்ற பதிவை நீக்குவதில்லை. விதையைப் பற்றிப் பேசலாம். கொடுத்தவரைப் பற்றிப் பேசக் கூடாது.

* விற்பனைப் பதிவுக்கு ஞாயிறு மட்டும் அனுமதி. அட்மினின் நண்பருக்கும் அதே ஞாயிறுதான்.

* பூச்சிமருந்து சொல்பவர், எந்தப் பயிருக்கு, என்ன அளவு என்று சேர்த்தே சொல்ல வேண்டும். காய்கறிப் பயிருக்குத் தடை செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றைச் சொன்னால், காரணம் சொல்லிப் பதிவை நீக்குகிறோம்.

* முதல் தவறுக்குத் தனிச்செய்தியில் எச்சரிக்கை. அடுத்ததற்கு ஒரு வாரம் விலக்கி வைத்தல். மூன்றாவதற்கு நீக்கம். நீக்குவதை ஒரே அட்மின் முடிவு செய்யக் கூடாது. மூவரில் இருவர் சம்மதிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் யார் பதிவையும் அட்மினே எல்லோருக்கும் நீக்கிவிடும் வசதி 2022-ல் வந்தது. கையில் மம்மட்டி இருக்கிறது என்பதற்காகப் பார்க்கும் வரப்பையெல்லாம் வெட்டக் கூடாது.

‘உறுப்பினர் தவறாகப் பதிவு போட்டால் என் மீது வழக்கு வருமா?’ என்ற பயத்திலும் சிலர் கண்டதை நீக்குகிறார்கள். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, பிறர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. அட்மினும் அதற்கு உடந்தையாக இருந்தால் கதை வேறு.

அக்கா சொன்ன பதில்

எல்லாம் தெரிந்த பிறகு, அக்காவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ‘அது கிடக்கட்டும் தம்பி. அந்த விதை இன்னும் யார் யார்கிட்ட இருக்கு? முதல்ல அதைக் கேளுங்க’ என்றார்.

ஐயாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தன் நோட்டைப் பார்த்து, விதை வாங்கிய அத்தனை பேரின் பெயரையும் அவரே குழுவில் போட்டு, ‘யாரும் விதைக்க வேண்டாம், காயைச் சமைக்க வேண்டாம்’ என்று எழுதினார். அவருடைய மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் மூடி மறைத்ததை, அவர் ஒரே பதிவில் சரிசெய்துவிட்டார்.

அக்கா இப்போது எங்கள் மூன்றாவது அட்மின்.

சுரை விதை பகிர்வோர் கவனத்துக்கு...

* கசப்புச் சுரையின் மகரந்தம் சேர்ந்தால், அந்தக் காயில் கசப்பு தெரியாது. அதன் விதையில் வளரும் கொடியின் காய்தான் கசக்கும்.

* சான்று விதை உற்பத்தியில் சுரை ரகங்களுக்கு இடையே 500 மீட்டர் இடைவெளி விடுவார்கள். மாடியில் அது நடக்காது. மறுநாள் மலரும் ஆண், பெண் மொட்டுகளை முன்கூட்டியே நூலால் கட்டிவைத்து, மாலையில் பூ விரியும் நேரத்தில் கையால் மகரந்தம் சேர்த்து மீண்டும் கட்டிவிடுங்கள். அந்தக் காயை மட்டும் விதைக்கு விடுங்கள்.

* சமைக்கும் முன் சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். அந்தக் கொடியில் விதை எடுக்காதீர்கள்.