டப்ளினில் போலந்து ரொட்டி

2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பழைய உறுப்பு நாடுகளில் அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கு உடனே கதவைத் திறந்தவை அயர்லாந்து, பிரிட்டன், ஸ்வீடன் ஆகிய மூன்று மட்டுமே. அயர்லாந்தில் கட்டட வேலைக்கும் ஓட்டலுக்கும் ஆள் கிடைக்காத காலம் அது. 2006 கணக்கெடுப்பில் சுமார் 63,000 ஆக இருந்த போலந்துக்காரர்கள், 2011-ல் 1,22,000-ஐத் தாண்டினார்கள். கம்பு ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரியும் விற்கும் கடைகள் சிற்றூர்களிலும் முளைத்தன.

‘வந்தவர்கள் எங்கள் பிழைப்பைப் பறித்தார்கள்’ என்ற குரல் 2008 நிதி நெருக்கடிக்குப் பின் ஓங்கியது. கணக்கு வேறு கதை சொல்கிறது. அவர்கள் அலையலையாக வந்த 2004–2007 காலத்தில் வேலையின்மை ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள்தான் இருந்தது. பிறகு அது 15 சதவீதத்தைத் தொட்டதற்குக் காரணம் வீட்டுமனை ஊகமும் வங்கிகளின் வரைமுறையற்ற கடனும். கட்டட வேலை நின்றபோது முதலில் தெருவுக்கு வந்தவர்களில் போலந்துக்காரர்களும் உண்டு. கூலி குறையும் என்ற அச்சத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். 2005-ல் ஒரு கப்பல் நிறுவனம் உள்நாட்டு ஊழியர்களை விலக்கி, மலிவான கூலிக்குக் கிழக்கு ஐரோப்பியர்களை அமர்த்த முனைந்தது. அதை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் வீதியில் இறங்கினார்கள். தொழிற்சங்கங்கள் அன்று கேட்டது, எங்கிருந்து வந்தவரானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதுதான்.