ஸ்டாப்பரின் இதயம்

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வெயில் தாழ்ந்த பிறகு எந்தப் பொட்டலைப் பார்த்தாலும் ஒரு பந்தும் பத்துப் பையன்களும் இருப்பார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு முன்னால் ஓடி கோல் அடிக்க ஆசை. ஒருத்தன் கோலி. மிச்சமிருக்கும் ஒருத்தனைப் பின்னால் நிறுத்தி, “நீதான்டா ஸ்டாப்பர்” என்பார்கள். பந்தைத் தடுத்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். விட்டுவிட்டால் எட்டுப் பேரும் திட்டுவார்கள்.

இது அப்படிப்பட்ட ஒரு ஸ்டாப்பரின் இதயத்தைப் பற்றிய கதை. அவர் பஞ்சாபி. ஆனால் அவருக்கு வந்த நோயைப் புரிந்துகொள்ளப் பஞ்சாப் வரை போகவேண்டாம். நாகமலையிலிருந்து தேனி சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வரை போனால் போதும்.

அன்வர் அலி 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிறந்தவர். ஊர், ஜலந்தர் மாவட்டத்து ஆதம்பூர். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது நம் அணியின் நடுத் தடுப்பில் நின்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயினில் ஒரு போட்டி. இந்தியாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. வெற்றி கோல், அன்வர் அடித்த ஃப்ரீகிக். தோற்ற அணியின் பயிற்சியாளர் பெயர் லயனல் ஸ்கலோனி. நான்கு ஆண்டுகள் கழித்து மெஸ்ஸியோடு உலகக் கோப்பையைத் தூக்கிய அதே ஸ்கலோனிதான்.

2019இல் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இகோர் ஸ்டிமாச் வந்தார். குரோஷியாக்காரர், 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியின் ஸ்டாப்பர். குரோஷியாவின் மொத்த மக்கள்தொகையே 2021 கணக்குப்படி 38.7 லட்சம். நம் மதுரை மாவட்டத்தில் மட்டும் 2011இலேயே 30 லட்சம் பேர் இருந்தார்கள். அந்தச் சின்ன நாடு உலகத் தரத்துத் தடுப்பாட்டக்காரர்களை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அன்வரைவிட ஒன்றரை வயது இளையவரான யோஷ்கோ குவார்டியோல் அந்த வரிசையில் இப்போது நிற்பவர். 2022 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு மூக்கு உடைந்தது. கறுப்பு முகமூடி போட்டுக்கொண்டு ஏழு ஆட்டமும் ஆடினார். மறு ஆண்டே மான்செஸ்டர் சிட்டி அவரைச் சுமார் 9 கோடி யூரோ கொடுத்து வாங்கியது.

மூக்கு உடைந்தால் முகமூடி போடலாம். அன்வருக்கு வந்தது முகமூடியால் தீராதது. 2019இல் எடுத்த மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இதயத்தசை தடித்திருப்பது தெரிந்தது. அப்போது வயது பத்தொன்பது. நோயின் பெயர் ஹைப்பர்ட்ராபிக் கார்டியோமயோபதி. அதிலும், இதயத்தின் கீழ்நுனியில் மட்டும் தடிப்பு வருகிற வகை.

நல்ல இதயத்தில் இடது கீழறைச் சுவர் ஒரு சென்டிமீட்டர் போல இருக்கும். காரணம் எதுவுமில்லாமல் 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள். குழப்பம் என்னவென்றால், தினமும் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கும் சுவர் கொஞ்சம் தடிக்கும். கைகால் தசை முறுக்கேறுவதுபோல இதயமும் முறுக்கேறுகிறது. 13, 14 மில்லிமீட்டர் என்று அளவு வந்தால் அது உழைப்பால் வந்ததா நோயால் வந்ததா என்று சட்டென்று சொல்ல முடியாது. அதற்குச் சில தடயங்கள் உண்டு. உழைத்த இதயத்தில் சுவர் தடித்தாலும் அறையும் சேர்ந்து பெரிதாகும். நோயுற்ற இதயத்தில் அறை குறுகும். ஈசிஜியில் டி அலைகள் தலைகீழாகத் தொங்கினால் சந்தேகம் வலுக்கும். கீழ்நுனித் தடிப்பில் இந்த அலைகள் மிக ஆழமாகத் தொங்கும். எம்ஆர்ஐ எடுத்தால் தசைக்குள் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். கடைசி உபாயமாக மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தச் சொல்வார்கள். உழைப்பால் வந்த தடிப்பு என்றால் வற்றிவிடும்.

தடிப்பு ஏன் ஆளைக் கொல்லவேண்டும்? நெல்லுக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக அடுக்கினால் தாள்கள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும். ஆரோக்கியமான இதயத்தில் தசைநார்கள் அப்படித்தான் கிடக்கின்றன. மின்துடிப்பு அவற்றின் வழியே சீராக ஓடும். இந்த நோயில் நார்கள் களத்தில் உதறிப்போட்ட வைக்கோல் மாதிரி தாறுமாறாகக் கிடக்கும், நடுநடுவே தழும்பு வேறு. எங்கேயாவது ஓர் இடத்தில் துடிப்பு வழிதவறி, வந்த பாதையிலேயே சுற்றத் தொடங்கினால் இதயம் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. சில வினாடிகளில் ஆள் சரிவார். ஆட்டத்தின் வேகம், அட்ரினலின், வியர்வையில் கரையும் உப்பு என்று எல்லாம் சேர்ந்து அந்தத் தவறான சுற்றுக்குத் தூண்டுதலாகும். கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஆடும்போது விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது இந்த நோய்தான்.

உலகில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிழவராகிறார்கள்.

இங்கேதான் நம் ஊர் வருகிறது. இதயத்தசையின் இழைகள் எவ்வளவு இறுக்கமாகச் சுருங்கவேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் புரதம் ஒன்று உண்டு. அதைச் செய்யும் மரபணுவின் பெயர் எம்.ஒய்.பி.பி.சி.3. 2009இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, அந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாகச் சொன்னது. நூற்றுக்கு நான்கு என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதயம் செயலிழக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. முதல் ஆசிரியர் பெருந்துறை தண்டபாணி. காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். அவரோடு மதுரைப் பெரியாஸ்பத்திரியின் இதய அறுவை மருத்துவர் ரத்தினவேல், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் என்று பலர் சேர்ந்து செய்த வேலை அது. மதுரைக்காரர்களின் ரத்த மாதிரிகள் உலக அறிவியலுக்குப் போவது இது முதல் தடவையும் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக வந்த ஆதி மனிதரின் மரபணு அடையாளத்தை உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில் கண்டதும் இதே பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன்தான்.

இவ்வளவு கெட்ட மாற்றம் இத்தனை பேரிடம் எப்படித் தங்கியது? அது நம்மிடையே தோன்றிச் சுமார் 30,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் மதிப்பீடு. அது தன் வேலையைப் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் காட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது. இயற்கைத் தேர்வு பேரன் பேத்தி பார்த்தவரைக் கண்டுகொள்வதில்லை.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். 2020இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதே மரபணுவை மறுபடி துருவிப் பார்த்தார்கள். தசைத் தடிப்புக்கு அந்த 25 எழுத்து இழப்பு மட்டும் பெரிய காரணம் இல்லை, சிலரிடம் அதோடு ஒட்டிக்கொண்டே வரும் இன்னொரு சின்ன மாற்றம்தான் உண்மையான குற்றவாளி என்று அவர்களுக்குத் தெரிந்தது. ஆகவே அந்த நாலு சதவீதத்தில் தானும் ஒருவர் என்று அறிந்தால் யாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. இதனால் மதுரை ஆய்வு பொய்யாகிவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை. கதவைத் திறந்தவர்கள் அவர்கள். உள்ளே இன்னொரு அறை இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்வரின் தடிப்புக்கு இந்த மரபணுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்த நோய்க்கு வழிவிடும் மரபணுக்கள் பல.

அன்வர் விஷயத்துக்குத் திரும்புவோம். 2020இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அவரைச் சேர்த்துக்கொண்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அவரைப் பயிற்சியில் இறக்க வேண்டாம் என்றது. இருபது வயதுப் பையன் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்: என் உயிர், என் தொழில், முடிவு என்னுடையது. கூட்டமைப்பின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மைதானத்தில் ஒரு பையன் விழுந்து செத்தால் பதில் சொல்லவேண்டியது அவர்கள்தான்.

மருத்துவ உலகமும் அந்த நேரத்தில் இரண்டு மனதாக இருந்தது. 2005இல் அமெரிக்க இதய மருத்துவர்கள் வகுத்த விதிப்படி இந்த நோய் உள்ளவர் பெரும்பாலான போட்டி விளையாட்டுகளின் பக்கமே போகக்கூடாது. 2020இல் வந்த அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் கொஞ்சம் இறங்கிவந்தன. ஆளுக்கு ஆள் ஆபத்தை எடைபோடுங்கள், நோயாளியோடு சேர்ந்து முடிவெடுங்கள் என்றன. 2023இல் வெளியான ‘லைவ்’ ஆய்வு இந்த நோயோடு தொடர்புடைய 1,660 பேரைத் தொடர்ந்து கவனித்தது. கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக மரணமோ இதய நிறுத்தமோ வரவில்லை. ஆனால் இவர்கள் நல்ல மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். பொட்டல் மைதானத்துப் பையன்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

அன்வருக்கு 2021இல் வழி திறந்தது. டெல்லி எஃப்சி, பிறகு எஃப்சி கோவா. 2022 மார்ச்சில் ஸ்டிமாச் அவரை இந்திய அணியில் இறக்கினார். பழைய குரோஷிய ஸ்டாப்பர் ஒருவர் இந்த ஸ்டாப்பரை நம்பினார். அதே ஆண்டு ஜூன் 14 அன்று கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம்; இரண்டாவது நிமிடத்திலேயே அன்வர் கோல். இந்தியா 4-0. மறு ஆண்டு தெற்காசியக் கோப்பையில் குவைத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் சொந்த கோலும் போட்டார், அதையும் சொல்லவேண்டும். மோகன் பகானுக்கு ஆடினார். 2024இல் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். அந்த மாற்றம் பெரிய சச்சரவாகி மறுபடியும் டெல்லி உயர்நீதிமன்றத்தில் போய் நின்றது. இந்தத் தடவை வழக்கு இதயத்தைப் பற்றியது அல்ல, ஒப்பந்தத்தைப் பற்றியது. ஒரு சாதாரண கால்பந்து வீரருக்கு வரும் சாதாரணத் தலைவலி!

“அப்படியானால் எல்லாரையும் முன்கூட்டியே பரிசோதித்துவிட்டால் தீர்ந்தது” என்று தோன்றும். இத்தாலி 1982இலிருந்து அதைத்தான் செய்கிறது. வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் சுமார் 90 சதவீதம் குறைந்ததாக அவர்கள் கணக்கு. இங்கிலாந்துக் கணக்கு வேறு மாதிரி. அங்கே 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களின் இதயத்தைப் பரிசோதித்தார்கள். 42 பேரிடம் ஆபத்தான நோய் அகப்பட்டது. பின்னர் எட்டுப் பேர் இதயக் கோளாறால் திடீரென்று இறந்தார்கள். அந்த எட்டில் ஆறு பேருக்குப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்திருந்தது. பதினாறு வயதில் எடுத்த ஈசிஜி இருபத்து மூன்று வயதுக்கு உத்தரவாதம் தராது. முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இன்னொரு நோய், ரத்தக்குழாய் அடைப்பு. 2019 டிசம்பரில் கேரளத்துப் பெரிந்தல்மண்ணாவில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்த பாலக்காட்டு தன்ராஜனுக்கு வயது 39. பெரிய கொல்கத்தா அணிகளுக்கு ஆடியவர். அவரும் தடுப்பாட்டக்காரர்.

எனவே விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் சம அளவு முக்கியம். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் பந்தை வாங்க வந்தவர் அப்படியே குப்புற விழுந்தார். முதலில் ஓடி வந்தவர்களில் ஒருவர் அணித்தலைவர் சிமோன் கேயர், அவரும் ஸ்டாப்பர்தான். மூச்சுப் பாதையைப் பார்த்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பினார். மருத்துவர்கள் வந்து மார்பை அழுத்தினார்கள், டிஃபிப்ரிலேட்டரால் ஒரே ஓர் அதிர்ச்சி கொடுத்தார்கள். எரிக்சன் கண் திறந்தார். தேவைப்பட்டால் தானே அதிர்ச்சி கொடுக்கும் ஒரு கருவியை உடலுக்குள் பொருத்திக்கொண்டு எட்டு மாதத்தில் மீண்டும் ஆட வந்தார், அதுவரை ஆடிய இத்தாலியில் அல்ல, இங்கிலாந்தில். கருவி பொருத்தியவரை இத்தாலி ஆட விடாது.

நம் பொட்டலில் ஒரு பையன் அப்படி விழுந்தால் என்ன செய்வோம்? முகத்தில் சோடாவோ தண்ணீரோ அடிப்போம். இதயம் நின்றவரின் கைகால் சில வினாடிகள் வெட்டி இழுப்பதுண்டு. அதை வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சாவியைத் தேடும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பி.டி. வாத்தியார்களுக்கும் பெற்றோருக்கும்: ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, வீட்டில் நாற்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்துபோன பிள்ளை, இந்த இரண்டு பேரையும் ஈசிஜி எடுக்காமல் மறுபடி மைதானத்தில் இறக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது. யாராவது விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சு சரியாக இல்லையென்றால் ஒருவர் 108க்கு அடியுங்கள். இன்னொருவர் நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.